‘ஆடுஜீவிதம்’ முதல் ‘பத்தேமாரி’ வரை: வளைகுடாவைத் திரையில் பார்க்கும்போது

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லோருமாக இருந்து ‘ஆடுஜீவிதம்’ பார்த்தோம். படம் முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது மூத்த மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்களும் அங்கை ஒன்பது வருஷம் இருந்தனீங்கள்தானே. உங்கடை இடமும் உப்பிடித்தானோ?"

"இல்லைப் பிள்ளை, எங்கடை கந்தோரில ஏ.சி. இருந்தது" என்று சொல்லிச் சமாளித்தோம். அவள் சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எமக்குத்தான் நித்திரை வரவில்லை.

நாம் யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்து, 1998இல் கொழும்பில் ஒரு முகவர் மூலம் ஷார்ஜாவுக்குப் போனவர்கள். ஒரு கட்டட ஒப்பந்தக் கொம்பனியில் கணக்காளர் வேலை. 2007இல் விசா முடிந்தபோது ஊருக்கும் போக முடியாமல், கொழும்பிலும் இருக்க முடியாமல் இலண்டனுக்கு வந்து அகதியானோம். எம்மைப் போன்ற பல குடும்பங்களுக்கு வளைகுடா என்பது இடையில் ஏறி இறங்கிய ஒரு தரிப்பிடம். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாம் பெரிதாகப் பேசுவதில்லை. இப்போது அந்தப் பேச்சைத் திரைப்படங்களும் தொடர்களும் எமது வரவேற்பறைக்குள் கொண்டு வந்து போட்டிருக்கின்றன. அவற்றில் எது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஒரு கணக்காளரின் கண்ணால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மசராவில் ஒரு மனிதன்

பென்யாமின் என்ற மலையாள எழுத்தாளர் பல வருடங்கள் பஹ்ரேனில் வேலை செய்தவர். கேரளாவின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த நஜீப் என்பவர் சவூதி அரேபியாவில் பட்ட துன்பத்தை அவரிடமே கேட்டறிந்து, அதை ஆதாரமாக வைத்து 2008இல் ‘ஆடுஜீவிதம்’ நாவலை எழுதினார். 2009ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அக்கடமி விருது அதற்குக் கிடைத்தது. இயக்குநர் பிளெஸ்ஸி நாவல் வந்த கொஞ்ச நாளிலேயே அதைப் படமாக்க நினைத்தவர். படம் திரைக்கு வந்ததோ 2024 மார்ச் 28இல். பிரித்விராஜ் நஜீப்பாக நடித்தார், ஏ.ஆர். ரகுமான் இசை. ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது கொரோனா வந்து, 2020இல் படக்குழு முழுவதும் அங்கேயே மாட்டிக்கொண்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கதை சிக்கலானதல்ல. ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், கடன்பட்டு விசா எடுத்து, ஹக்கீம் என்ற இளைஞனோடு ரியாத் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். மொழி தெரியாது. அழைத்துப் போக வரவேண்டியவர் வரவில்லை. யாரோ ஒரு அரபு முதலாளி வந்து இருவரையும் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அதன் பிறகு மூன்று வருடங்களுக்கு மேல் பாலைவனத்தில், ‘மசரா’ எனப்படும் ஆட்டுப்பட்டியில் அவன் ஆடுகளோடு ஆடாக வாழ்கிறான். குளிக்கத் தண்ணீர் இல்லை, சம்பளம் இல்லை, பேச ஆள் இல்லை. இறுதியில் மூவர் தப்பி ஓடுகிறார்கள். ஹக்கீம் மணலிலேயே இறந்துபோகிறான்.

பார்ப்பவர்கள் எல்லோரும் பாலைவனத்தைப் பற்றியும், நடிகர் உடம்பை வற்ற வைத்ததைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நாம் எழும்பி உட்கார்ந்தது வேறொரு இடத்தில். தப்பி வந்த நஜீப் நாடு திரும்புவதற்காகப் பொலிசில் பிடிபடுகிறான். ஓடிப்போன தொழிலாளர்களை முதலாளிமார் வந்து அடையாளம் காட்டிக் கூட்டிப் போகும் நாள் வருகிறது. அவனுடைய அர்பாபும் வருகிறார், அவனைப் பார்க்கிறார், ஆனால் கூட்டிப் போகவில்லை. ஏனென்றால் அவன் அவருடைய விசாவில் வந்தவன் அல்ல. விமான நிலையத்தில் அவர் அவனைக் கடத்திக்கொண்டு போயிருந்தார். தன்னுடைய விசாவில் வந்தவனாக இருந்திருந்தால் இழுத்துக்கொண்டே போயிருப்பேன் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். சட்டப்படி சரியான தாளோடு வந்தவனை முதலாளி திரும்பவும் கொண்டுபோகலாம். களவாகக் கொண்டுபோகப்பட்டவன் தப்பிவிட்டான். தாளில் இருந்த ஒரு பிழைதான் நஜீப்பைக் காப்பாற்றியது. முழுப் படத்தின் பொருளும் எமக்கு அந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது.

விசா என்ற கயிறு

பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி விளங்க வேண்டுமானால் ‘கஃபாலா’ என்ற முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கஃபீல் என்றால் பொறுப்பாளர். வளைகுடா நாடுகளில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் வதிவிட உரிமை அவருக்குப் பொறுப்பு நிற்கும் முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். முதலாளியை விட்டு விலகினால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். முதலாளி "இவன் ஓடிவிட்டான்" என்று முறையிட்டால் அந்தத் தொழிலாளி குற்றவாளி. சவூதியிலும் கட்டாரிலும் நாட்டை விட்டு வெளியேறக்கூட முதலாளியின் அனுமதி தேவைப்பட்ட காலம் இருந்தது.

மாற்றங்கள் வராமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுத்துக் கண்காணிக்கும் முறையைக் கொண்டு வந்தது. நாம் இருந்த காலத்தில் சம்பளம் மஞ்சள் உறையில் காசாகக் கொடுபட்டது; கையெழுத்து வாங்கினால் கணக்கு முடிந்தது. கட்டாரில் 2020இல் வேலை மாற முதலாளியின் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 1000 ரியால் ஆனது. சவூதியும் 2021 மார்ச்சில் வேலை மாறவும் வெளியேறவும் வழியை இலகுவாக்கியது. ஆனால் அந்தச் சவூதிச் சீர்திருத்தம் வீட்டுப் பணிப்பெண்களையும், வீட்டுச் சாரதிகளையும், தோட்ட வேலைக்காரரையும், ஆடு மேய்ப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதாவது நஜீப் போன்ற ஒருவன் அன்று வந்திருந்தாலும் அந்தச் சட்டம் அவனைத் தொட்டிருக்காது.

படம் வெளியானபோது வளைகுடாவில் அமீரகத்தில்தான் அனுமதி கிடைத்தது. பின்னர் அதே வருடம் யூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் சவூதி மக்கள் பலர் சமூக வலைத்தளங்களில் கொதித்தார்கள். ஒரு கொடியவனை வைத்து ஒரு நாட்டையே இழிவுபடுத்திவிட்டார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நஜீப்பைத் தன் விலையுயர்ந்த காரில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து விடும் நல்ல அரபு மனிதராக நடித்த ஜோர்தானிய நடிகர் அந்த மக்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

நாம் ஒன்பது வருடம் அங்கே சோறு தின்றவர்கள் என்ற வகையில் ஒன்று சொல்வோம். அந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. அங்கே எம்மை மனிதராக நடத்திய அரபு மக்கள் எத்தனையோ பேர். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் வாசலில் எமக்கும் கஞ்சி கொடுத்தார்கள். எமது மதம் கேட்கவில்லை. எம்மை ஏமாற்றிய முகவரோ எமது மொழி பேசியவர். கெட்டது ஒரு முகமாக இருந்தால் அதைப் பார்த்துக் கோபப்படலாம். முறையாக இருந்தால் அதற்கு முகம் இல்லை; அதனால்தான் படமெடுப்பவர்கள் ஒரு முகத்தைத் தேடுகிறார்கள்.

உண்டியலுக்கு முன்னே வரும் கடன்

2000ஆம் ஆண்டு சேரன் இயக்கிய ‘வெற்றிக்கொடி கட்டு’ படத்தை எல்லோரும் வடிவேலுவின் டுபாய் நகைச்சுவைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் அடிக்கதை, டுபாயில் வேலை என்று சொல்லி முகவரால் ஏமாற்றப்பட்ட இரு இளைஞர்களின் கதை. முரளியும் பார்த்திபனும் நடித்தார்கள். தமிழ்ச் சினிமாவில் முகவரின் ஏமாற்றை நேராக எடுத்துக்கொண்ட படங்கள் மிகச் சில. அவற்றில் அது ஒன்று.

இந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று படங்கள் விரிவாகக் காட்டுவதில்லை. நாம் காட்டுகிறோம். எமது கொம்பனிக்கு வந்த ஒரு சாதாரண கட்டடத் தொழிலாளியின் சம்பளம் 1998இல் மாதம் 600 திர்ஹம். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 150 போனால் மிச்சம் 450. அன்றைய இலங்கைப் பணத்தில் ஏறத்தாழ 7,900 ரூபா. அவர் முகவருக்குக் கொடுக்க ஊரில் ஒரு இலட்சம் ரூபாவை நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு எடுத்திருந்தார் என்று வையுங்கள். ஊர் வட்டி அப்படித்தான். முதல் மாத வட்டி மட்டும் 5,000. முதலில் கழிவது 2,900. இப்படியே ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் கடன் முடிய 21 மாதங்கள் ஆகும். அந்த 21 மாதமும் வீட்டுக்கு ஒரு சதமும் போகாது. ஒரு மாதம் சம்பளம் பிந்தினால், ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால், கணக்கு இன்னும் நீளும்.

ஒரு தொழிலாளி ஏன் ஓடவில்லை, ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆட்டுப்பட்டிக்கு வேலி தேவையில்லை என்பது அவர்களுக்கு விளங்கும்.

சலீம் அகமது இயக்கி மம்முட்டி நடித்த ‘பத்தேமாரி’ (2015) இந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பத்தேமாரி என்றால் பாய்மர வள்ளம். அறுபதுகளில் தாள் எதுவும் இல்லாமல் அப்படியான வள்ளங்களில் ஏறி, கோர்ஃபக்கான் கரைக்கு அப்பால் கடலில் இறக்கிவிடப்பட்டு நீந்திக் கரையேறிய மலையாளிகளில் ஒருவர்தான் நாராயணன். அவர் வாழ்நாள் முழுவதும் உழைக்கிறார். ஊரிலே சகோதரிக்குக் கலியாணம், வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, பிறகு ஒரு வீடு. தான் கட்டிய வீட்டில் ஆறுதலாக இருக்க அவருக்குக் கிடைக்கவில்லை.

‘ஆடுஜீவிதம்’ எம்மை அழ வைத்தது. ‘பத்தேமாரி’ எம்மை அழவும் விடவில்லை. அதில் அடிப்பவன் இல்லை, பாலைவனம் இல்லை. இருப்பது ஊரில் இருந்து வரும் கடிதங்களும் தொலைபேசிகளும்தான். புலம்பெயர்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் அப்படி ஒரு அண்ணன், ஒரு சித்தப்பா இருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரேயொரு படம் காட்டுவதானால் நாம் இதைத்தான் தெரிவு செய்வோம்.

வீட்டுக்குள்ளே நடப்பது

கமல் இயக்கிய ‘கத்தாமா’ (2011) என்ற மலையாளப் படத்தில் காவ்யா மாதவன் சவூதியில் ஒரு வீட்டுப் பணிப்பெண். கத்தாமா என்பது வீட்டு வேலைக்காரியைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்தது. அடி தாங்காமல் அவள் ஓடுகிறாள். சீனிவாசன் நடித்த சமூக சேவையாளர் ஒருவர் அவளைத் தேடுகிறார்.

இந்தப் படத்தைப் பார்த்த ஈழத் தமிழர் எவருக்கும் மூதூர் ஞாபகம் வராமல் இருக்காது. ரிசானா நஃபீக் 1988இல் பிறந்தவர். வறுமைப்பட்ட முஸ்லிம் குடும்பம். யுத்தமும் சுனாமியும் தின்ற ஊர். முகவர் அவருடைய கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதுவித்து 2005இல் சவூதிக்கு அனுப்பினார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. போய்ச் சில கிழமைகளில், பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. மூச்சு அடைத்தது என்றார் அவர். கொலை என்றது குற்றச்சாட்டு. விசாரணையின்போது அவருக்குப் பக்கத்தில் சட்டத்தரணி இருக்கவில்லை. மொழிபெயர்ப்பும் ஒழுங்காக இருக்கவில்லை. 2013 ஜனவரி 9இல் தவாத்மி என்ற ஊரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவர் தமிழ் பேசிய பிள்ளை. ஆனால் அன்று எமது சமூகத்தில் எத்தனை பேர் அவரை எமது பிள்ளை என்று நினைத்தோம்? "அது முஸ்லிம் ஆக்களின்ரை பிரச்சினை" என்று கடந்து போனவர்களும் எம்மில் இருந்தார்கள். ‘கத்தாமா’ பார்க்கும்போது அந்த வெட்கமும் சேர்ந்துதான் வருகிறது. அந்தப் படத்தின் கதாநாயகியைத் தேடிப் போவதற்கு ஒரு மனிதராவது இருந்தார்.

கறுப்புக் கற்பனை: ‘டெம்பரரி பீப்பிள்’

வாசிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம். தீபக் உன்னிகிருஷ்ணன் அபுதாபியில் வளர்ந்த மலையாளி. அவருடைய ‘டெம்பரரி பீப்பிள்’ 2017இல் வந்தது. தற்காலிக மனிதர்கள் என்று சொல்லலாம். அமீரகத்தின் உழைப்பாளிகளைப் பற்றிய 28 துண்டுகள். எல்லாமே பேய்க்கனவு போல இருக்கும்.

ஒரு கதையில் மூன்று தொழிலாளர்கள். ஒருவன் கடவுச்சீட்டை விழுங்கிக் கடவுச்சீட்டாகவே மாறுகிறான். இன்னொருவன் பயணப்பெட்டியை விழுங்கிப் பெட்டியாகிறான். மூன்றாமவன் அந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறான். வேறொரு கதையில் கட்டடங்களில் இருந்து விழுந்து உடைந்த தொழிலாளர்களை இரவில் தேடிப்போய்ப் பசை நாடாவால் ஒட்டித் திரும்ப வேலைக்கு அனுப்புவது ஒரு பெண்ணின் தொழில். இன்னொன்றில் தொழிலாளர்களைப் பயிர் போல விளைவிக்கிறார்கள். அவர்களுக்கு ஆயுள் 12 வருடம் மட்டும்.

இது வெறும் விசித்திரம் என்று தோன்றலாம். கணக்காளருக்கு அப்படித் தோன்றாது. இயந்திரத்துக்குப் பயன்படும் காலம் இத்தனை வருடம் என்று எழுதி வருடா வருடம் தேய்மானம் கழிப்பது எமது தொழில். மனிதனுக்கு அதையே செய்தால் என்ன வரும் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார்.

எமது கொம்பனியில் 600 திர்ஹம் சம்பளத்தை 350 அடிப்படை, 250 படி என்று இரண்டாகப் பிரித்து எழுதுவோம். காரணம், அமீரகச் சட்டப்படி வேலை முடிந்து போகிறவருக்குக் கொடுக்கும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிட வேண்டும்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். ஒன்பது வருடம் உழைத்தவருக்கு 225 நாள். 600க்குக் கணக்கிட்டால் 4,500 திர்ஹம். 350க்குக் கணக்கிட்டால் 2,625. வித்தியாசம் 1,875 திர்ஹம். மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். சட்டமீறல் எதுவும் இல்லை. அந்த வரிகளை எழுதிய பேனை எமது பேனை.

அரபு வீட்டின் உள்ளிருந்து

அங்கிருந்து வரும் கதைகளையும் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. குவைத் எழுத்தாளர் சவூத் அல்சனூசியின் நாவல் ஒன்று, ஆங்கிலத்தில் ‘த பம்பூ ஸ்டோக்’ என்று வந்தது, 2013இல் அரபுப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணுக்கும் குவைத் வீட்டுப் பிள்ளைக்கும் பிறந்த ஒரு மகன், தகப்பனின் நாட்டைத் தேடி வருகிறான். பாட்டி அவனை வீட்டுக்குள் எடுக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் தவிக்கிறாள். 2016இல் ரமழான் காலத் தொலைக்காட்சித் தொடராகவும் அது வந்தது. தங்கள் வீட்டுப் பணிப்பெண்ணைப் பற்றி அரபு மக்களே தங்களிடம் கேட்டுக்கொண்ட கேள்வி அது. கேரளாவில் இருந்து வந்த எந்தப் படத்தையும் விட அது அந்தச் சமூகத்தைக் கூடக் குடைந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

நெட்ஃபிளிக்ஸில் 2023இல் வந்த ‘த எக்ஸ்சேஞ்ச்’ என்ற குவைத் தொடர் எண்பதுகளின் பங்குச் சந்தையில் நுழையும் இரண்டு பெண்களைப் பற்றியது. எமது தொழிலுக்குக் கிட்ட இருப்பதால் இரண்டே இரவில் பார்த்து முடித்தோம். அந்தச் சமூகத்துக்கும் சிரிப்பு, போட்டி, குடும்பச் சண்டை எல்லாம் இருக்கிறது என்று பிள்ளைகள் அறிய இது நல்லது. ‘ஆடுஜீவிதம்’ மட்டும் பார்த்த பிள்ளை அரபு மனிதன் என்றால் சவுக்கோடு நிற்பவன் என்று நினைத்துவிடும். தமிழன் என்றால் குண்டு வைப்பவன் என்று காட்டிய படங்களை எதிர்த்த நாம் அதே பிழையை வீட்டில் செய்யக்கூடாது.

எமது கதை எங்கே?

பிரான்ஸில் ஒரு ஈழத் தமிழ் அகதியின் கதையைச் சொன்ன ‘தீபன்’ 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. வளைகுடாவில் ஈழத் தமிழரின் கதையை அப்படி ஒரு பெரிய படம் தொட்டதில்லை. வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேராதவை. அங்கே நாம் தொழிலாளி. அகதி என்ற சொல்லுக்கு இடமில்லை.

2012இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகப் புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஈழத் தமிழரை ஒரு கப்பல் காப்பாற்றிக்கொண்டு வந்து டுபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சேர்த்தது. அவர்கள் அங்கே மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பு பலரை அகதிகளாக ஏற்ற பின்னரும், எடுக்க ஒரு நாடு கிடைக்காதவர்கள் திருப்பி அனுப்பப்படலாம் என்ற பயத்தில் 2013இல் காத்திருந்தார்கள். கடலில் உயிர் தப்பியும் கரையில் நிற்க உரிமை இல்லை. எந்த இருண்ட கதைக்கும் குறைந்ததல்ல அது. அவர்களில் யாராவது அதை எழுதியிருந்தால் நாம் முதல் ஆளாக வாசிப்போம்.

மகளின் கேள்விக்கு வருவோம்.

அடுத்த கிழமை அவளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னோம். எமது கந்தோரில் ஏ.சி. இருந்தது உண்மை. எமது மேசைக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியும் இருந்தது. அதற்குள் 140 கடவுச்சீட்டுகள். தொழிலாளர்களின் கடவுச்சீட்டைக் கொம்பனி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் முறை, எல்லோரும் வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேட்டை எழுதியது நாம். எமது கடவுச்சீட்டும் அதற்குள்ளேதான் இருந்தது. ஆனால் சாவி எம்மிடம் இருந்தது.

2003இல் இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், கம்பி கட்டுகிறவர், வந்து நின்றார். "அண்ணே, அம்மா போயிட்டாங்க. பாஸ்போட் குடுங்கண்ணே, இன்னைக்கு நைட்டு பிளைட்டுக்கு ஃப்ரெண்டு டிக்கெட் எடுத்துத் தர்றேங்கறான்." முகாமையாளர் வெளியூரில். அவர் தொலைபேசியில் சொன்னார்: வேறு ஒரு தொழிலாளி உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் தான் வரும்வரை பொறுக்கச் சொல். மறுநாள் வெள்ளிக்கிழமை. உத்தரவாதம் எழுத அன்று ஒருவரும் முன்வரவில்லை. எல்லோருக்கும் தங்கள் தங்கள் கடன். சாவி எமது மேசை லாச்சியில் இருந்தது. நாம் திறக்கவில்லை. எமது விசாவும் அதே முகாமையாளரின் கையில்தான் என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவர் மூன்று நாள் கழித்துப் போனார். தாயின் காரியம் அப்போது முடிந்துவிட்டது. திரும்பி வந்து எம்மோடு பழையபடிதான் பேசினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அவர் இப்ப எங்கை அப்பா?" எமக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னோம்.

இந்தப் படங்களைப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். ‘ஆடுஜீவிதம்’ சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல; பதினைந்து வயதுக்கு மேல் காட்டலாம். அதற்கு முன்னர் கஃபாலா என்றால் என்ன என்று பத்து நிமிடம் விளக்குங்கள். பிறகு ‘பத்தேமாரி’. பிறகு அரபு நாட்டுத் தொடர் ஒன்று. பார்த்து முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நீங்கள் அங்கே என்ன வேலை செய்தீர்கள், யாருக்குக் கீழே செய்தீர்கள், உங்களுக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதுதான் கடினம்.

வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த எமது ஆட்களின் வீடுகளில் இன்னும் பழைய சம்பள உறைகளும், இரத்துச் செய்த விசாத் தாள்களும், தொழிலாளர் அட்டைகளும் ஏதாவது ஒரு பெட்டியில் கிடக்கும். எறிந்துவிடாதீர்கள். பென்யாமின் ஒரு மனிதரின் பக்கத்தில் இருந்து அவர் சொன்னதைக் கேட்டதால்தான் நஜீப்பின் கதை எமக்குத் தெரியும். எமது கதைகளைக் கேட்க எமது பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.